தந்தேன் என்று சொன்ன ராஜாவுக்கு

மண்டபத்தூர்
22-4-2025

கவியா அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருக்கிறீர்கள், மூன்று வேளையும் டீக்கடையில் உட்கார்ந்து நாடகக் கதை பேசுகிறீர்கள் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.

ஒரு வாரத்தில் முப்பத்தொன்பது தடவை போன் செய்திருக்கிறீர்கள். நான் எடுத்தது நான்கு தடவை. நான்கு தடவையும் அழுதீர்கள். பதினோரு வருடமாக மேடையில் அழுது ஊரையே அழவைக்கிற ஆளின் அழுகையை நான் எப்படி நம்புவது? நீங்கள் 'செல்வீ' என்று இழுத்தபோது பின்னால் ஆர்மோனியம் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்தேன். அதனால்தான் உங்கள் எண்ணை பிளாக் செய்தேன். சொல்ல வேண்டியதை எழுதுங்கள். எழுத்தில் உங்களுக்கு நடிக்க வராது என்று நினைக்கிறேன்.

நடந்ததை நான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

மீன்பிடித் தடை தொடங்கிய அன்று வழக்கம் போல அமரகேது ராஜா நாடகத்தின் முதல் பாதி. வழக்கம் போல அதில் வரம் கொடுக்கிற கட்டம். நீங்கள் கிரீடத்தோடு உட்கார்ந்திருக்க, ஊர்ச் சனம் வரிசையாக மேடையேறி ஆளுக்கொரு வரம் கேட்டது. மழை பெய்ய வேண்டும், வலை நிறைய வேண்டும், பேரன் பிறக்க வேண்டும், பிஎஸ்சி பாஸாக வேண்டும். எல்லோருக்கும் கையைத் தூக்கி 'தந்தேன்' என்றீர்கள். அதுவும் வழக்கம்தான். கடைசியில் உங்கள் அக்கா பூவாயி தட்டில் வெற்றிலை பாக்கோடு ஏறினார். "ராஜாவே, ஒன் மவ கவியாவ எம் மவன் அகரனுக்குத் தரணும்" என்றார். நீங்கள் 'தந்தேன்' என்றீர்கள். பிஎஸ்சி கேட்ட பெண்ணுக்கு எடுத்துக்கொண்ட நேரம்கூட நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

கிரீடத்தோடு சொன்ன சொல் திரும்பாது என்பது கோட்டுச்சேரிமேட்டில் என் அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அதனால்தான் இத்தனை வருடத்தில் அந்த வரிசையில் நின்று யாரும் யாருடைய நிலத்தையும் கேட்டதில்லை, பெண்ணையும் கேட்டதில்லை.

புதுச்சேரி ஹாஸ்டலில் நர்சிங் கடைசி வருடப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, நான் போன் செய்வதற்கு முன்பே வாட்ஸப்பில் வீடியோ போய்விட்டது. தன் கல்யாணத்தை ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். "நான் வீட்டை விட்டுக் கெளம்பி மாமா வீட்டுக்கு வந்துட்டேன்டி, நீ பயப்படாத" என்றேன். "சரிம்மா" என்றாள். அந்த 'சரிம்மா'வுக்கு என்ன அர்த்தம் என்று பெற்றவளுக்குத் தெரியும்.

எனக்கு ஒரே கேள்வி. உங்கள் அக்கா அதைக் கேட்கப்போகிறார் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா, தெரியாதா?

தாமரைச்செல்வி

கோட்டுச்சேரிமேடு
27-4-2025

என் இல்லத்தின் ஒளிவிளக்கான செல்விக்கு,

உன் மடல் கண்டேன். நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கு நான்கு நாள் பயணம் செய்து வந்திருக்கிறது. நீயே நடந்து வந்து கையில் கொடுத்திருந்தால் அரை நாள்கூட ஆகியிருக்காது. போகட்டும்.

நீ எழுதியதில் திருத்த ஒன்றுமில்லை. ஆனால் விட்டுப்போனது ஒன்று உண்டு. நான் சிம்மாசனத்தில் வீற்றிருக்கும்போது நீ முன்வரிசையிலிருந்து எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, மேடைக்குக் குறுக்காக நடந்து போனாய். முந்நூறு பேர் முதலில் உன்னைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். எனக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. நாடக வாத்தியார் அம்பலவாணன் ராணி வேஷத்திலேயே ஓரத்தில் நின்று எடுத்துக் கொடுத்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீ ஒரு கணம் நினைத்தாயா?

உன் கேள்விக்கு வருகிறேன். கிரீடம் ஏறிவிட்டால் நான் செம்பியன் இல்லை, அமரகேது. யார் கேட்டாலும் என் வாய் 'தந்தேன்' என்றுதான் சொல்லும். பழகிய நாக்கு சொன்னதற்கு மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா?

பஞ்சாயத்தார் கூடிப் பேசினார்கள். சொல் சொல்தான் என்கிறார்கள். ஜூன் 14 அன்று, தடை முடிகிற நாளில், நாடகத்தின் மறுபாதி இருக்கிறதல்லவா? மகனைத் தருவதாகச் சொன்ன வாக்கை மீறி ராஜா அவனை ஒளித்துவைத்து, அதனால் நாட்டில் மழை பொய்த்து, தெருவில் இறங்கி ஊர்ப் பெண்களிடம் ஏச்சு வாங்குகிற கட்டம். சொல்லைத் திரும்ப எடுப்பதானால் அன்றுதான் எடுக்க வேண்டுமாம். அரிதாரம் இல்லாமல், சொந்த முகத்தோடு, சொந்தப் பேரில் நின்று ஏச்சு வாங்க வேண்டுமாம். அப்படி எடுத்தவன் அதற்குப் பிறகு ஆயுசுக்கும் கிரீடத்தைத் தொடக் கூடாது. எந்தக் காலத்திலோ ஒருத்தன் அப்படிச் செய்தானாம். அது நமக்கெதற்கு.

அக்கா தினமும் குழம்பு கொண்டுவருகிறது. "ஆவணில வச்சிக்கலாமாடா?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றுகிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வடித்தால் குழைந்துவிடுகிறது, அது வேறு. அகரன் கெட்ட பையன் இல்லை என்பது உனக்கே தெரியும். நீ வா. உட்கார்ந்து பேசுவோம்.

உன் செம்பியன்

மண்டபத்தூர்
2-5-2025

கவியா அப்பாவுக்கு,

ஒளிவிளக்கு, சிம்மாசனம், மடல். கடிதத்தைப் படித்துவிட்டு என் தம்பி மனைவி "அண்ணன் எழுதிருக்காரா, வாத்தியாரு எழுதிருக்காரா?" என்று கேட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் வீட்டு அடுப்படியில் இன்னொருத்தியாக நான் நிற்பது அவளுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். எந்தப் பாத்திரத்தை எங்கே கவிழ்ப்பது என்று கேட்டுக் கேட்டுக் கவிழ்க்கிறேன். நாற்பத்திரண்டு வயதில் இது எனக்குத் தேவையா?

நான் கேட்டது தெரியுமா தெரியாதா என்று. நீங்கள் சொன்னது நாக்கைப் பற்றி.

சரி, நானே சொல்கிறேன். உங்கள் அக்கா பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அந்த வரிசையில் நின்றதில்லை. "எந்தம்பிகிட்ட நான் எதுக்கு மேடையேறிக் கேக்கணும்?" என்று பெருமை பேசுகிறவர். அன்றைக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் துலக்கிக் கொண்டுவந்து, எல்லோரும் இறங்கட்டும் என்று கடைசி ஆளாக ஏறினார். கேட்டால் கிடைக்கும் என்று தெரியாதவர் அப்படி வரமாட்டார். உங்கள் முகத்தையும் நான் பார்த்தேன். யாராவது மேடையேறினால் நீங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்பீர்கள். அக்கா ஏறியபோது நீங்கள் தரையைப் பார்த்தீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக அந்தக் கதையைப் பார்க்கிறேன், ஒவ்வொரு வருடமும் எரிச்சல்தான் வருகிறது. வாக்குக் கொடுக்கிறவர் ராஜா. பிள்ளையைக் கொடுக்க வேண்டியவள் ராணி. மழை இல்லாமல் சாகிறது ஊர்ச்சனம். கடைசியில் 'பட்டுத் தெளிந்த மன்னன்' என்று பெயர் மட்டும் ராஜாவுக்கு. ராணிக்கு மொத்தம் மூன்று வசனம். இரண்டு 'ஐயோ நாதா', மூன்றாவதைச் சொல்லும்போது மயங்கி விழ வேண்டும். அந்த வேஷத்தையும் அம்பலவாணன் வாத்தியார் மீசையை எடுக்காமல் கட்டுகிறார். அந்தக் கதையில் தப்பு செய்தவன் ஒருத்தன், அனுபவிக்கிறவர்கள் எல்லோரும் வேறு. உங்களுக்கு அது ஒருநாளும் உறைக்கவில்லையா?

எனக்கு மயங்கி விழத் தெரியாது. உண்மையை எழுதுங்கள். ஒரு வரி போதும். அது வராத வரைக்கும் நானும் எழுதமாட்டேன்.

தாமரைச்செல்வி

கோட்டுச்சேரிமேடு
8-5-2025

செல்வி,

தெரியும்.

அன்று காலையில் அரிதாரம் பூசிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. "ஒன்ன இடுப்புல தூக்கிட்டே நான் வலை கிழிசல் தச்சவடா. இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. கவியாவ அகரனுக்குக் கேக்கிறேன்" என்றது. எனக்கு ஒரு பக்கம் முகம் பச்சை, ஒரு பக்கம் இன்னும் பூசவில்லை. அம்மா செத்தபோது எனக்கு மூன்று வயது. அக்காவுக்குப் பதினொன்று. அது உனக்குத் தெரியும். அதனிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி என்று சொல்லவும் பயம். சொன்னால் வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்ல வேண்டும். நீ என்ன கேட்பாய் என்று தெரியும். அதனால் "மேடையில கேளுக்கா" என்று சொல்லிவிட்டேன். மேடையில் என்றால் நான் சொன்னதாக ஆகாது, ராஜா சொன்னதாக ஆகும், நீயும் கோபப்பட முடியாது, ஊரும் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நான் நினைத்தது. கவியாவைப் பற்றி அப்போது நினைக்கவே இல்லை. இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது, செல்வி. வாத்தியாரிடம் பேசினேன். மறுபாதியின் முடிவில் சாமி வந்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கிறதே, அந்தக் கட்டத்தை நீட்டலாம் என்கிறார். சாமியே ராஜாவைப் பார்த்து 'உன் சொல்லிலிருந்து உன்னை விடுவித்தேன்' என்று சொல்கிற மாதிரி நாலு வரி எழுதிவிடுகிறாராம். சாமியே சொன்ன பிறகு பஞ்சாயத்தார் ஒன்றும் சொல்ல முடியாது. அக்காவும் சாமிக்குக் கட்டுப்படும். எனக்கும் கிரீடம் போகாது. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாமல் முடிந்துவிடும். உனக்குச் சந்தோஷம்தானே?

செம்பியன்

மண்டபத்தூர்
13-5-2025

கவியா அப்பாவுக்கு,

'தெரியும்' என்று எழுதியதற்கு நன்றி. அதோடு பேனாவை மூடி வைத்திருக்கலாம்.

சாமி வேஷம் கட்டுகிறவர் யார்? பெட்டிக்கடை வைத்திருக்கிறாரே, அவர்தானே? அவர் வந்து உங்களை விடுவிப்பார், அதைக் கேட்டு உங்கள் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஐம்பது வயது ஆளுக்கு இப்படி ஒரு யோசனை வருகிறதே, என்ன சொல்ல? அக்காவிடம் பேசப் பயந்து ராஜாவை அனுப்பினீர்கள். இப்போது ஊரிடம் பேசப் பயந்து சாமியை அனுப்புகிறீர்கள். பழைய கதைகளில் செய்த தப்புக்குப் பலன் வரும்போது சாமி வந்து துடைத்துவிட்டுப் போகும். இந்த ஒரு மாதத்தில் மண்டபத்தூர் பஸ்ஸில் எந்தச் சாமியும் வந்து இறங்கவில்லை. நான் தினமும் பார்க்கிறேன்.

இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

உங்களுக்கு முன்னால் எனக்கு ஒரு ராஜா இருந்தார். என் அப்பா செல்லக்கண்ணு. கிரீடம் இல்லை, தலையில் துண்டுதான். அவரும் உங்கள் அப்பாவும் ஒரே படகு. ஒருநாள் படகு கவிழ்ந்து, உங்கள் அப்பா இவரை மடக்கிப் பிடித்துக் கரை சேர்த்தார். கரைக்கு வந்ததும் அந்த ஈரத்தோடே "எம் பொண்ணு ஒம் மவனுக்கு" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம், "வாக்குக் குடுத்துட்டேன் தாயி" என்றார். எனக்குப் பதினெட்டு முடிந்து நாற்பது நாள். பன்னிரண்டாம் வகுப்பு ஹால்டிக்கெட் வந்திருந்தது. முடித்துவிட்டு டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும் என்று விண்ணப்பத்தாள்கூட வாங்கி வைத்திருந்தேன். பரீட்சை வாரத்தில் கல்யாணம்.

உங்களைப் பிடிக்காமல் வரவில்லை. பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பிடித்ததெல்லாம் பிறகு. ஆனால் இருபத்து நான்கு வருடமாக நான் மற்றவர்கள் பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்துக்கொண்டு, அந்தப் பரீட்சையை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போடாத நாள் இல்லை. அப்பாவுக்கு உயிர் திரும்பியது, உங்கள் அப்பாவுக்கு மருமகள் கிடைத்தாள். இரண்டு பேருக்கும் ஊரில் நல்ல பெயர்.

கவியாவுக்கு அது நடக்காது. உங்கள் கையில் இரண்டு இருக்கிறது, கிரீடமும் பெண்ணும். இரண்டையும் வைத்துக்கொள்ள வழி தேடாதீர்கள்.

தாமரைச்செல்வி

கோட்டுச்சேரிமேடு
24-5-2025

செல்வி,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நம் கல்யாணத்தன்று நீ அழுதுகொண்டிருந்தாய். பெண்கள் வீட்டை விட்டு வரும்போது அழுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்றைக்குக் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. உனக்குப் பரீட்சை இருந்தது என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பஞ்சாயத்தாரைப் போய்ப் பார்த்தேன். சாமிக் கட்டத்தைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டார்கள். "செம்பியா, வெளையாடுறியா?" என்றார்கள். வழி ஒன்றுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னய விட்டா அமரகேது யாருய்யா? நான் யாருக்கு ராணியா நிப்பேன்?" என்று அழுதார். அவர் அழுகையை நம்பலாமா கூடாதா என்று நீதான் சொல்ல வேண்டும்.

மறைக்காமல் எழுதுகிறேன். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. உனக்குக் கோபம் வரும். படகில் நான் ஏழு பேரில் ஒருவன். வலையை இழு என்றால் இழுப்பேன். கரையில் மீனை எடைபோடும்போது ஓரமாக நிற்பேன். வருடத்தில் இரண்டு நாள்தான் எனக்கு முன்னால் ஊரே உட்கார்ந்து என் வாயைப் பார்க்கும். அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். பயமாக இருக்கிறது.

அக்கா வேறு. ஏச்சுக் கட்டத்தில் அது வந்து நிற்கும். அதன் முகத்தைப் பார்த்து எப்படி.

யோசிக்கிறேன்.

செம்பியன்

மண்டபத்தூர்
29-5-2025

யோசியுங்கள்.

இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் கவியாவுக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழு பேரில் ஒருவர் இருக்கிறார். நான் சோறு போட்டது அவருக்குத்தான், ராஜாவுக்கு இல்லை. அது உங்களுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை என்றால் மேற்கொண்டு எழுத எனக்கு ஒன்றுமில்லை.

தா.செ.

கோட்டுச்சேரிமேடு
15-6-2025

செல்வி,

நீ வந்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து எழுதிவிடுகிறேன். அதை எழுதாமல் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை.

நேற்றுக் காலையிலேயே வாத்தியாரிடம் போய், சொல்லைத் திரும்ப எடுக்கிறேன் என்று சொன்னேன். அவர் கிரீடத்தை என் கண் முன்னால் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நான் இல்லாமல் மறுபாதி கிடையாது, அதனால் ஏச்சு மட்டும்தான் என்று ஊருக்குச் சொன்னார்கள். சாமிக் கட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். "நெசமான ஆளுக்கெல்லாம் சாமி வேஷத்துல வந்து ஆசீர்வாதம் பண்ண நம்மளால முடியாதுப்பா" என்றார் பெட்டிக்கடைக்காரர்.

வெயில் தாழ்ந்ததும் மேடைக்குக் கீழே, மண்ணில், சட்டை வேட்டியோடு போய் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ராஜாவாக இருந்தால் இடது கை இடுப்பில், வலது கையில் வாள். "நான் கோட்டுச்சேரிமேடு செம்பியன். எம் பொண்ணக் கேக்காம, எம் பொண்டாட்டியக் கேக்காம, பொண்ணத் தந்தேன்னு சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன். அந்தச் சொல்லத் திரும்ப எடுக்கிறேன்" என்றேன். என் குரல் பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. மூன்றாவது வரிசைக்காவது கேட்டதா என்று எனக்குச் சந்தேகம்.

தலையைக் குனிந்து நிற்க வேண்டும், பதில் சொல்லக் கூடாது. எனக்குக் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. முதலில் வந்தது எதிர்வீட்டுக் கிழவி. "ஏன்டா, பொண்ணு என்ன மத்தி மீனா, கூறு போட்டுக் குடுக்க?" என்றது. "கிரீடம் வச்சா மூளைய கழட்டி வச்சிருவியா?" என்றது ஒருத்தி. வருடா வருடம் இதே பெண்கள் திட்டுவார்கள், நான் உள்ளுக்குள் சிரிப்பேன். ராஜாவைத்தானே திட்டுகிறார்கள். நேற்று ஒவ்வொன்றும் என்மேல் விழுந்தது. பிஎஸ்சி கேட்ட பெண்கூட வந்தாள். பரீட்சையில் ஒரு பேப்பர் போய்விட்டதாம், அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

அப்புறம் அக்கா வந்தது. நான் அந்தக் காலைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். "எங்கிட்ட முடியாதுன்னு சொல்லிருந்தா அழுதுட்டுப் போயிருப்பேன். ஊரு முன்னால என்னய ஏத்தி எறக்கிட்டியேடா. இனிமே எனக்குத் தம்பி கெடையாது" என்றது. அழவில்லை. திட்டக்கூட இல்லை. அகரன் வந்து அதன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனான். இன்று அதன் வீட்டு வாசலில் நான் போய் நின்றேன். கதவு திறக்கவில்லை.

கடைசியாக உன் கால் வந்து நின்றது. நீ ஏசுவாய் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டுப் போய்விட்டாய். எல்லோரும் சொன்னதைவிட அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என்ன சொல்ல நினைத்தாய், செல்வி? எதுவானாலும் சொல். கேட்டுக்கொள்கிறேன்.

இன்று விடியற்காலை படகு இறங்கியது. நானும் போனேன்.

செம்பியன்

மண்டபத்தூர்
20-6-2025

கவியா அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. போட்டால் ஞாயிற்றுக்கிழமை தாண்டித்தான் வரும். நாளைக்கு நான் வரும்போது வாசலில் வைத்து உங்கள் கையில் கொடுப்பேன். நின்ற இடத்திலேயே படியுங்கள். படித்து முடிக்கிற வரை பேசாதீர்கள். பிறகு நான் உள்ளே வருகிறேன்.

அன்று வரிசையில் நிற்கும்போது என்னிடம் ஏச்சு இல்லாமலா இருந்தது? இருபத்து நான்கு வருடத்து ஏச்சு இருந்தது. எதிலிருந்து தொடங்குவது என்று நான் முடிவு செய்வதற்குள் என் முறை வந்துவிட்டது. உங்கள் கழுத்துக்குப் பின்னால் சட்டைக் காலர் மடங்கி உள்ளே போயிருந்தது. அதை எடுத்துவிடத்தான் கை வந்தது. அப்புறம் எங்கே திட்டுவது? எனக்கே என்மேல் கோபமாக வந்தது, திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்தீர்கள். மூன்றாவது வரிசைக்குக் கேட்டது. நான் ஆறாவது வரிசையில் இருந்தேன், எனக்கும் கேட்டது.

இத்தோடு முடிந்தது, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கேளுங்கள் கதையை.

மறுநாள் கவியாவைக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிடப் போனேன். பரீட்சை நடுவில் ஒருநாள் லீவு போட்டு வந்திருந்தாளே. "என்னடி, இப்ப நிம்மதியா?" என்று கேட்டேன்.

"எதுக்கும்மா?" என்றாள்.

"அப்பா சொன்ன சொல்லத் திரும்ப எடுத்துட்டாருல்ல."

அவள் பையைக் கீழே வைத்தாள். "அப்பா என்னயக் கேக்காம குடுத்தாரு. நீ என்னயக் கேக்காம மாட்டேன்னுட்டுக் கெளம்பி மாமா வீட்டுக்கு வந்துட்ட. இப்ப அப்பா என்னயக் கேக்காம திரும்பவும் எடுத்துட்டாரு. இதுல நான் எங்கம்மா இருக்கேன்?"

"நீ 'சரிம்மா'ன்னு சொன்னியேடி" என்றேன்.

"நீ 'பயப்படாத'ன்னு சொன்ன. நான் 'சரி'ன்னேன். நான் பயந்தேன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

இரண்டு மாதம் அடுத்தவள் அடுப்படியில் நின்றேன். உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். என்னை யாரும் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று அந்தப் பழைய பரீட்சையை எல்லாம் இழுத்தேன். அவளிடம் ஒரு தடவை, ஒரே தடவை, கேட்க எனக்குத் தோன்றவில்லை. பெற்றவளுக்குத் தெரியும் என்று உங்களுக்கு எழுதினேன் அல்லவா? ஒன்றும் தெரியவில்லை. உங்களுக்கு அன்று வெட்கமாக இருந்ததாக எழுதினீர்கள். எனக்கு பஸ் ஸ்டாண்டில் அத்தனை சனத்துக்கு நடுவில் இருந்தது.

டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் "அப்ப அகரன ஒனக்குப் புடிக்குமாடி?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"பஸ்ஸு கெளம்பும்போதா கேப்ப?" என்று என்னை ஒரு முறை முறைத்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழம பரீட்சை முடிஞ்சு வர்றேன். நீயும் அப்பாவும் ஒண்ணா ஒக்காந்து கேளுங்க. தனித்தனியா வந்து கேட்டா சொல்லமாட்டேன்." ஏறி உட்கார்ந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அதனால்தான் நாளைக்கு வருகிறேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை, உங்களுக்கு எங்கே நேரம்?

அவள் 'வேண்டாம்' என்று சொன்னால், நாம் பட்டதெல்லாம் வீணாகவில்லை என்று இருந்துவிடலாம். 'வேணும்' என்று சொன்னால்? ஒரு வாரமாக இதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் இல்லை. உங்கள் கிரீடம் போனது போனதுதான். உங்கள் அக்கா கதவைச் சாத்தியது சாத்தியதுதான். அந்த வாசலில் போய் நாம் இரண்டு பேரும் தட்டோடு நிற்க வேண்டும். அவர் திட்டுவார். ஊரே கூடிச் சிரிக்கும். நினைத்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆனால் நிற்போம். கொடுத்ததும் நாம், பறித்ததும் நாம், அப்புறம் வேறு யார் போய் நிற்பது?

ஞாயிற்றுக்கிழமை அவள் எதிரில் உட்கார்ந்து கேட்போம். கேட்டுவிட்டு, அவள் வாயைத் திறக்கும் வரை நாம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நீங்கள் எப்படியும் சமாளித்துவிடுவீர்கள், அன்று மண்ணில் நின்று பழகிவிட்டீர்கள். என்னால் முடியுமா என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

செல்வி